முழுக் கிரயத்தையும் பத்திரத்தில் எழுதுங்கள்

ஊர்ப் பெரியவர்களுக்கும் பங்காளிகளுக்கும் நியூ ஜெர்சியிலிருந்து வணக்கம்.

அப்பாவின் நஞ்சையை நான் விற்கப்போகும் செய்தி டீக்கடை வரை போய்விட்டதாம். "பாதியைப் பத்திரத்தில் போட்டுவிட்டு மீதியைக் கையில் வாங்கமாட்டேன் என்று வீம்பு பிடிக்கிறான்" என்று பேச்சு. ஆளாளுக்குப் போனில் பதில் சொல்வதைவிட எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். இங்கிருந்து நிலம் விற்க நினைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்காகவும்தான்.

"வயலுக்கு ஏதப்பா வரி?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. நகராட்சி எல்லையிலிருந்து, அதன் மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் விளைநிலத்தை இந்திய வருமான வரிச் சட்டம் மூலதனச் சொத்தாகவே எண்ணுவதில்லை. விற்ற லாபத்துக்கு அங்கே வரி கிடையாது. அமெரிக்காவுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால், உலகத்தின் எந்த மூலையில் லாபம் வந்தாலும் இங்கே காட்டியாக வேண்டும். இந்தியாவில் கட்டிய வரியை இங்குள்ள வரியில் கழித்துக்கொள்ளலாம், உண்மைதான். வயலுக்கு அங்கே கட்டியதே இல்லையே, எதைக் கழிப்பது? வீட்டை விற்று ஆறு மாதத்துக்குள் பாண்டு வாங்கி வரியை மிச்சம் பிடிக்கலாம் என்ற யோசனையும் இதே கதைதான். அங்கே மிஞ்சியது இங்கே போய்விடும்.

ஆனால் இந்த ஊர்ச் சட்டத்தில் நமக்குச் சாதகமான ஒன்று உண்டு. தகப்பன் வழியில் வந்த சொத்துக்கு, தாத்தா என்ன விலைக்கு வாங்கினார் என்று இங்குள்ள வரித்துறையினர் கேட்பதில்லை. அப்பா இறந்த அன்று அதன் சந்தை மதிப்பு என்ன என்பதுதான் கேள்வி. கணக்கும் டாலரில். 2012-இல் அப்பா போனபோது நிலம் 20 லட்சம் என்று வையுங்கள். அன்று டாலர் சுமார் 53 ரூபாய்; ஏறத்தாழ 37,700 டாலர் ஆகிறது. இப்போது 40 லட்சத்துக்கு விற்று, டாலர் 85 ரூபாய் என்றால் 47,000. ரூபாயில் இரட்டிப்பு, டாலரில் லாபம் 9,300 சொச்சம்தான். 15 சதவீதம் என்றால் 1,400 டாலர் வரி. 2012-இன் மதிப்புக்கு ஆதாரம் காட்ட முடியாவிட்டாலோ, அடக்க விலை பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு முழு 47,000-க்கும் வரி கேட்க இவர்களுக்கு இடமுண்டு. அது 7,000 டாலருக்கு மேல்.

அதனால்தான் அந்த ஆண்டின் வழிகாட்டி மதிப்பு, பக்கத்து வயல்களின் கிரயப் பத்திர நகல், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை என்று தம்பியைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலைய விடுகிறேன். வீட்டில் பெரியவர் ஒருவர் காலமானால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு இந்தக் காகிதங்களையும் வாங்கி வைத்துவிடுங்கள். வருஷங்கள் கழித்துத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

கறுப்புப் பணத்துக்கு வருகிறேன். நிலத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட இந்தியச் சட்டத்தில் வழி இருக்கிறது. அது போகட்டும். பத்திரத்தில் இல்லாத பணத்தை எந்த ஆடிட்டர் சான்று கொடுத்து, எந்த வங்கி வழியாக நான் இங்கே கொண்டுவருவது? "யாருக்குத் தெரியப்போகிறது?" என்கிறீர்கள். 2015-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்ட பிறகு, என் போன்றவர்களின் கணக்கு விவரம் இந்திய வங்கிகளிலிருந்து இங்கே வருகிறது. வெளிநாட்டுக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து வருஷத்தில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனியாக ஒரு படிவம் வேறு உண்டு. கிரயப் பணம் விழுந்த அன்றே தாண்டிவிடும்.

கடைசியாக, தெற்குத் தெரு வீடு. அதில் அக்காவுக்குப் பாதி, எனக்குப் பாதி. வாங்குகிறவர், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால், இந்தியாவிலேயே வசிக்கும் அக்கா பங்கில் 1 சதவீதம் வரி பிடித்தால் போதும். வெளிநாட்டில் வசிக்கும் என் பங்கில் செஸ்ஸோடு குறைந்தது 13 சதவீதம், அதுவும் லாபத்தில் இல்லை, மொத்தத் தொகையில் பிடிப்பதுதான் நடைமுறை. பிடிக்காமல் விட்டால் பொறுப்பு அவர் தலையில். குறைத்துப் பிடிக்கச் சான்று கேட்டு வருமான வரித்துறைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அது வந்த பிறகே கிரயத் தேதி குறிக்க முடியும். அட்வான்ஸ் கொடுத்தவர் அதுவரை பொறுக்க வேண்டும். பொறுக்க முடியாதென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
தெற்குத் தெருப் பையன்