அந்தக் கைக்கும் ஒரு பதிவு எண் வேண்டும்!

எங்கள் மாடி போர்ஷன் காலியானபோது, முப்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண், பள்ளிக்கூடம் போகும் மகளுடன் வாடகைக்குக் கேட்டு வந்தார். 'என்ன வேலை பாக்கறம்மா?' என்றேன். 'மசாஜ் செய்றேங்க்கா... பிரசவமானவங்க, மூட்டுவலிக்காரங்க வீட்டுக்கே போய் செய்வேன்...' என்றார்.

எனக்கு, 'திக்'கென்றது. மசாஜ் சென்டர்களில், 'ரெய்டு' என்று பேப்பரில் படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. விபசாரத் தடுப்புச் சட்டப்படி, தெரிந்தே இடம் கொடுத்த வீட்டுக்காரருக்கும் தண்டனை உண்டு என்று, என் கணவர் வேறு பயமுறுத்தினார். 'வீடு வேற ஆளுக்குப் பேசியாச்சும்மா...' என்று பொய் சொன்னேன்.

அவர், பையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்து நீட்டினார். அரசு திறன் பயிற்சித் திட்டத்தில், 'ஸ்பா தெரபிஸ்ட்' பயிற்சி முடித்ததற்கானது. 'இதைக் காட்டினாலும் யாரும் நம்ப மாட்டேங்கறாங்கக்கா...' என்றபடி, மகள் கையைப் பிடித்துப் படியிறங்கினார். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நர்சுக்கு, நர்சிங் கவுன்சிலில் பதிவு உண்டு. மருந்தாளுநருக்கு, 1948ம் ஆண்டு பார்மசி சட்டப்படி பதிவு உண்டு. மசாஜ் சென்டர் நடத்தவும், மாநகராட்சி லைசென்ஸ் வேண்டும். ஆனால், நம் உடம்பைத் தொட்டுப் பிடித்து விடுபவருக்கு மட்டும் தனிக் கவுன்சிலும் இல்லை. பதிவு எண்ணும் இல்லை. 2021 டிசம்பரில், ஸ்பாக்களில் கேமரா வைக்க வேண்டும் என்றது, சென்னை உயர் நீதிமன்றம். அடுத்த மாதமே, அது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்றது, மதுரைக் கிளை. கேமராவைப் பற்றி இத்தனை பேசிய நாம், செய்பவர் முறையாகக் கற்றவரா என்று கேட்டோமா?

இதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. பிரசவமான பெண்களுக்குக் காலில் ரத்தம் உறைந்து கட்டும் வாய்ப்பு அதிகம். அது தெரியாமல் அழுத்தித் தேய்த்தால், அந்தக் கட்டி நகர்ந்து, நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கலாம். படித்தவர், கால் வீக்கத்தைப் பார்த்ததுமே டாக்டரிடம் போகச் சொல்வார்.

எனவே, முறையாகப் பயின்றவர்களுக்கு, போட்டோ ஒட்டிய அடையாள அட்டையும், பதிவு எண்ணும் அரசு வழங்க வேண்டும். நோயாளிக்கும் பாதுகாப்பு, உழைக்கும் பெண்ணுக்கும் மானம்.

தோழியரே... மசாஜுக்கு ஆள் வைக்கும் முன், எங்கே பயின்றார் என்று கேளுங்கள். சான்றிதழை நீட்டினால், வாங்கிப் படித்துப் பாருங்கள். நான் அதைக் கூடச் செய்யவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.