இரண்டு பெயரோடு வாழ மாட்டோம்

ராசிபுரம் பக்கம் எங்கள் வளவில் பலருக்கு இரண்டு பெயர். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று. நான் மட்டும் பிடிவாதமாக ஞானஸ்நானப் பெயரையே எல்லா இடத்திலும் எழுதினேன். சான்றிதழில் பி.சி. ஆனேன். அதே தெருவில் இருக்கும் என் சித்தி மகன் எஸ்.சி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் என்னைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினார். புகார் கொடுக்கப் போனேன். "நீதான் கிறிஸ்டியன் ஆச்சேப்பா, வன்கொடுமைச் சட்டம் உனக்கு வராது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திட்டியவர் என் மதத்தைக் கேட்டுவிட்டா திட்டினார்?

இதன் வேர், 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையில் இருக்கிறது. இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கருதக்கூடாது என்றது அதன் மூன்றாம் பத்தி. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியேதான். பழங்குடியினருக்கோ இந்த மதத் தடையே கிடையாது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற கொல்லிமலையில் ஒரு மலையாளிப் பழங்குடி கிறிஸ்தவரானால், அவர் பழங்குடியாகவே நீடிப்பார். அடிவாரத்தில் அதே கிறிஸ்துவை ஏற்கும் அருந்ததியர் பட்டியலிலிருந்து வெளியேற வேண்டும்.

அவர் மறுபடி இந்துவானால்? உரிய சான்றுகளோடு பழைய சாதித் தகுதியைத் திரும்பப் பெறலாம் என்று 2015இல் கே.பி.மனு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் அந்தச் சாதி எங்கே போயிருந்தது?

"சலுகைக்காக மதம் மாறுகிறார்கள்" என்று இந்துத்துவவாதிகள் சொல்கிறார்கள். மாறினால் இருக்கிற இடஒதுக்கீடும் சட்டப் பாதுகாப்பும் போகிறது என்பதை மறைத்துவிடுகிறார்கள். 2002இல் இங்கே கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது, பட்டியல் சாதியினரையும் பெண்களையும் மாற்றினால் கூடுதல் தண்டனை என்றது. சொந்தமாக முடிவெடுக்கத் தெரியாதவர்கள் என்று எங்களைப் பற்றி எழுதிய சட்டம் அது. எதிர்ப்பினால் பிறகு கைவிடப்பட்டது.

வெளியே இருக்கிற பகையை மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் நான் நேர்மையற்றவன். திருச்சபைக்குள்ளும் சாதி இருக்கிறது. தனிக் கல்லறை, தனி வரிசை எல்லாம் நாம் பார்த்தவைதான். தீண்டாமை சபைக்குள் இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே 2016இல் வெளியிட்ட தலித் கொள்கையில் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டது போதாது. கல்லறைச் சுவர் இடிய வேண்டும்.

ஆகவே எங்களுக்கு விசுவாசத்தில் உறுதி என்பது அடியை வாங்கிக்கொண்டு பொறுத்துப்போவதல்ல. வீட்டு ஜெபத்தை மிரட்டி நிறுத்த வருகிறவரிடமும், சாதி பார்க்கிற பாதிரியாரிடமும், ஆணையைத் திருத்த மறுக்கிற ஒன்றிய அரசிடமும் ஒரே பெயரோடு போய் நிற்பது. மதத் தடையை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மூன்றாம் பத்தி அசையவில்லை.

கடவுளை மறுக்கும் தோழர்களே, என் ஜெபத்தில் நீங்கள் சேர வேண்டாம். அம்பேத்கரோடு பௌத்தம் ஏற்றவர்கள் 34 ஆண்டுகள் போராடித்தான் இந்த உரிமையைப் பெற்றார்கள். ஆகஸ்ட் 10 அன்று தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாள் கடைப்பிடிக்கும்போது எங்களோடு தெருவில் நில்லுங்கள். சித்தி மகனுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்காவது ஒரே பெயர் போதும்.