கூலிக் கணக்கு யார் கையில்?

பாலாவியிலிருந்து கற்பிட்டி வீதியிற் செல்வோர் நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கியையும், 2010ஆம் ஆண்டு முதல் மாம்புரிக் கரையிற் சுழன்றுகொண்டிருக்கும் காற்றாலைகளையும் காணத் தவறார். அப்பெரிய நிலையங்களுக்குச் சம்பளம் போடத் தனிப்பிரிவும், கணக்கரும், சட்டம் அறிந்தோரும் உண்டு. அவற்றைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அதே மணலில் மிளகாயும் வெங்காயமும் பீட்ரூட்டும் விளைவிக்கும் தோட்டக்காரர், கருவாட்டு வாடி நடத்தும் சம்மாட்டியார், ஊருக்கு வரும் வெளிநாட்டவரை நம்பிச் சிறு விடுதி திறந்த இளைஞர் ஆகியோரே நம் கவலைக்குரியவர்கள். இவர்களிடம் ஆறு பேர், பத்துப் பேர், மிஞ்சினால் இருபது பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய கூலிக் கணக்கு பள்ளிக்கூடக் கொப்பியின் பின்பக்கத்திலும் முதலாளியின் ஞாபகத்திலும் தங்கியிருக்கிறது.

இத்தகையோரை நாடி இன்று கொழும்பிலிருந்து நிறுவனங்கள் வருகின்றன. "தலைக்கு மாதம் இவ்வளவு தாருங்கள், சம்பளம், லீவு, சேமலாப நிதி அனைத்தையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கின்றன. அழைப்பு இனிமையானதுதான். ஏற்கக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. கணக்குத் தெரியாதவர் கணக்குத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதில் இழிவு ஏது? ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது: வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது. நிறுவனம் தவறினாலும் சட்டத்தின் முன் நிற்பவர் முதலாளியே.

அந்தப் பொறுப்பு எத்தகையது? 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியை உண்டாக்கியது. அன்று தொழில் அமைச்சராயிருந்தவர் டி. பி. இலங்கரத்ன, 1947ஆம் ஆண்டின் எழுதுவினைஞர் வேலைநிறுத்தத்திற்குத் தலைமை தாங்கியமைக்காகத் தம் அரசாங்க உத்தியோகத்தை இழந்தவர். அந்த வேலைநிறுத்தத்தின்போதுதான், ஜூன் 5ஆம் நாள், கந்தசாமி என்னும் தமிழ் எழுதுவினைஞர் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். பின்னர் 2011இல் தனியார் துறை ஓய்வூதிய மசோதா ஒன்று வந்தபோது, தம் சேமிப்பிற் கைவைக்கிறார்கள் என்று கட்டுநாயக்கத் தொழிலாளர் கொதித்தெழுந்தனர். அங்கும் துப்பாக்கி பேசியது, ரொஷேன் சானக என்ற இளைஞர் உயிரிழந்தார், மசோதா கைவிடப்பட்டது. மாதக் கடைசியில் நாம் நிரப்பும் படிவத்துக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு கிடக்கிறது!

இன்று ஊழியரின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கு கழிக்கப்படும். முதலாளி தம் பங்காக 12 சேர்க்கவேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 செலுத்தவேண்டும். 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. அச்சம்பளம் பெறும் ஒருவருக்குச் சேமலாப நிதி 6,000, நம்பிக்கை நிதியம் 900. அறுவருக்குச் சேமலாப நிதி மட்டும் மாதம் 36,000 ரூபா. அடுத்த மாத முடிவுக்குள் அது செலுத்தப்படாவிட்டால் தாமதத்துக்கேற்ப மேலதிகக் கட்டணம் ஏறும். ஓராண்டு கடந்தால் நிலுவையிற் பாதி. அதாவது ஒரு மாதத் தவறுக்கு 18,000 ரூபா. அதனைக் கட்டப்போவது கொழும்பு நிறுவனமா? அல்ல, மாம்புரித் தோட்டக்காரர்தான். ஆகவே ஒப்பந்தத்திற் கையெழுத்திடுமுன், "உங்கள் தாமதத்தால் விழும் தண்டத்தை நீங்கள் ஏற்பீர்களா? எழுத்தில் தருவீர்களா?" என்று கேளுங்கள். சிரித்து மழுப்புவோரிடம் மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது?

அடுத்தது நம் ஊர்க் கூலியின் இயல்பு. நகரக் காரியாலயத்துக்கென அமைந்த கணினிக் கணக்கு, மாதச் சம்பளமும் மேலதிக நேரமும் மட்டுமே அறியும். வாடியில் நாட்கூலி உண்டு. நிறைக்கேற்ற கூலி உண்டு. மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு. முதலாளி கொடுக்கும் உணவின் பெறுமதியும் சேமலாப நிதிக்குரிய சம்பளத்திற் சேரும் என்பது சட்டம். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. இதை அறியாத நிறுவனம் உங்களுக்குக் குறைந்த தொகையைக் காட்டி மகிழ்விக்கும். தொழில் அதிகாரி வரும் நாளில் அம்மகிழ்ச்சி வட்டியும் முதலுமாய்த் திரும்பும்.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். "எல்லோரையும் ஒப்பந்தக்காரர் என்று எழுதிவிடுவோம், நிதி ஒன்றும் கட்டவேண்டாம்" என்று காதோடு காதாக யோசனை சொல்வோர். இவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இருபது ஆண்டு மீன் கீறிக் காயவைத்த பெண் ஐம்பது வயதில் தன் பணத்தைக் கேட்கப்போய், தன் பெயரே ஏட்டில் இல்லை என்று அறிவாளாயின், அந்த அநியாயத்துக்கு எந்தக் கணக்கில் ஈடு உண்டு?

பெயர் இருந்தும் பயனற்றுப் போவதுண்டு. பாத்திமா என்ற ஒரே பெயர் ஓர் ஏட்டில் ஒருவிதமாகவும் மற்றோர் ஏட்டில் வேறுவிதமாகவும் ஆங்கில எழுத்தில் ஏறிவிடுகிறது. அடையாள அட்டையைக் கையில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்புநோக்காதவர் இத்தொழிலுக்குத் தகுதியற்றவர். சம்பளச் சீட்டும் அப்படியே. தமிழ் பேசும் தொழிலாளிக்கு ஆங்கிலச் சீட்டைக் கொடுப்பது சீட்டே கொடாமைக்கு ஒப்பாகும். 1987இல் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது. அரசாங்கம் அதை நிறைவேற்றவில்லை என்று நாம் ஓயாமற் குறைகூறுகிறோம். நம் வாடியிலே, நம் கூலியாளுக்கு நாமே தமிழில் ஒரு துண்டு கொடுக்காதிருந்தால் அக்குறையை எந்த வாயாற் கூறுவது? தமிழ்ச் சீட்டு, சிங்கள ஊழியருக்குச் சிங்களச் சீட்டு: இதற்கு இயலாது என்னும் நிறுவனம் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

நம் கருத்தை ஒளியாமற் சொல்வோம். ஐந்தாறு பேரை வைத்திருப்பவருக்குக் கொழும்பு நிறுவனம் தேவையே இல்லை. உயர்தரத்தில் வணிகம் படித்து வேலையின்றி வீட்டில் இருக்கும் பிள்ளைகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். நாலைந்து தோட்டக்காரர் சேர்ந்து ஒருவரை அமர்த்தினால் மாதத்தில் இரண்டு நாள் வேலைதான். பதினைந்து பேரைத் தொட்டவுடன் நிலைமை மாறும். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து ஆண்டு பணியாற்றியவருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை கொடுக்கவேண்டிய கடமை அங்கே வருகிறது. வந்த நாளும் நின்ற நாளும் தவறாமல் பதிந்த ஏடு அப்போது இன்றியமையாதது. அந்த நிலையில் ஒரு நிறுவனத்தை நாடுவது நியாயமே. ஒப்பந்தம் முறியும் நாளில் ஏடுகள் முழுவதும் உங்கள் கைக்குத் திரும்பும் என்பதை மட்டும் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

அப்படிச் சேர்ந்தாலும் பழைய கொப்பியை உடனே அடுப்பில் இட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வேலையாட்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். தங்கள் கூலியில் பத்து ரூபா குறைந்தாலும் முதலிற் கண்டுபிடிப்பவர்கள் அவர்கள்தான்.