பெட்டி வைத்தால் போதுமா? மழை நாளில் கழிப்பறைக்கு யார் பொறுப்பு?

நெய்வேலியில் உறைபனி விழுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை விழும். விழுந்தால் கொட்டித் தீர்க்கும். 2011 டிசம்பரில் 'தானே' புயல், 2015 நவம்பரில் வெள்ளம், 2024-ல் 'பெஞ்சல்' புயல். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மழை நாளில் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிடலாம். குமாஸ்தா லீவு எழுதிப் போடலாம். கொத்தனாரும் சித்தாளும் என்ன செய்வார்கள்? தூறல் நின்றால் சைட்டில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைய கூலி போச்சு!

கட்டட வேலை நடக்கும் இடங்களில் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிற்குமே, அதுதான் நடமாடும் கழிப்பறை. பெட்டிக்கு அடியில் ஒரு தொட்டி. அதில் மருந்து கலந்த தண்ணீர். தொட்டி நிறைந்தால் லாரி வந்து குழாய் போட்டு உறிஞ்ச வேண்டும். சங்கதி அவ்வளவுதான்.

மழை வந்தால் கதையே வேறு. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் மருந்து நீர்த்துப் போகிறது. நாலு நாளில் நிரம்ப வேண்டிய தொட்டி இரண்டே நாளில் நிரம்புகிறது. செம்மண் சேறாகிறது. லாரி டயர் புதைகிறது. டிரைவர் வந்த வழியே திரும்பிவிடுகிறார். பலத்த காற்று அடித்தால் பெட்டியே சாய்ந்து கிடக்கும்!

சித்தாள் படும் பாடு

ஆம்பளைகள் ஏதோ ஒரு மறைவைத் தேடிப் போய்விடுகிறார்கள். பெண்கள்? "அண்ணே, உள்ளே கால் வைக்க முடியலை" என்றால், "மழை விடட்டும்மா, பார்த்துக்கலாம்" என்பார் மேஸ்திரி. மழை விடும்வரை உடம்பு காத்திருக்குமா? தண்ணீர் குடித்தால்தானே தொல்லை என்று காலையிலிருந்து வாயை நனைக்காமல் கல் சுமக்கிற பெண்கள் எத்தனை பேர்! அடக்கி அடக்கிக் கடைசியில் நீர்க்கடுப்பு, காய்ச்சல். சம்பாதித்த கூலி டாக்டர் வீட்டுக்கு.

"வைத்தாலும் யாரும் உபயோகிப்பதில்லை" என்று சில கான்ட்ராக்டர்கள் குறைப்படுகிறார்கள். தண்ணீர் தேங்கி, தாழ்ப்பாள் இல்லாமல், இருட்டாகக் கிடக்கும் பெட்டிக்குள் யார்தான் போவார்கள்?

பெரிய வித்தையா?

குளிர் தேசங்களில் தொட்டி உறைந்துவிடாமல் உப்புக் கரைசல் ஊற்றிச் சமாளிக்கிறார்கள். இங்கே அதுகூட வேண்டாம். பெட்டியை மேட்டில் வைத்து, கம்பி போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். லாரி வரும் பாதையில் ஜல்லி கொட்ட வேண்டும். மழைக் காலத்தில் லாரி வரும் நாட்களைக் கூட்ட வேண்டும். ஒரு விளக்கு, ஒரு தாழ்ப்பாள், ஒரு டிரம் தண்ணீர்.

நிலக்கரிக்கு அடியிலிருந்து முட்டிக்கொண்டு வரும் ஊற்றுநீரை இரவு பகலாக பம்ப் போட்டு இறைத்துச் சுரங்கம் நடத்துகிற ஊர் இது. அந்த ஊரில் ஒரு கழிப்பறைத் தொட்டிக்குள் மழைத் தண்ணீர் போகாமல் தடுக்க வழியில்லையா?

லாரி வரவில்லை என்று ஆளை இறக்கி அள்ளச் சொல்வதும் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தடை போட்டிருக்கிறது. கழிவுத் தொட்டியில் இறங்கி உயிர் போனால் 30 லட்ச ரூபாய் நஷ்ட ஈடு என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

கைகழுவ முடியாது

25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை, 25 ஆண்களுக்கு ஒரு கழிப்பறை என்று 1971-லேயே மத்திய அரசின் ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் சொன்னன. 1996-ல் கட்டடத் தொழிலாளர்களுக்கென்றே வந்த சட்டமும் போதிய கழிப்பறை வேண்டும் என்றது. இவற்றின் இடத்தில் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் அமலுக்கு வந்துவிட்டது. ஆண், பெண், மூன்றாம் பாலினத்தவருக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும், அதைச் சுத்தமாகவும் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்த வசதியைச் செய்து தரும் பொறுப்பை வேலையைக் கொடுக்கும் முதலாளி தலையிலேயே அது வைத்திருக்கிறது. "அது கான்ட்ராக்டர் விவகாரம்" என்று இனி கையை விரிக்க முடியாது.

ஆகவே ஒரு காரியம் செய்யலாம். லாரி வந்த தேதியை ஒரு அட்டையில் எழுதிக் கழிப்பறைக் கதவில் தொங்கவிடட்டும். கான்ட்ராக்டர் பில்லைப் பாஸ் பண்ணும் என்ஜினீயர், சிமெண்ட் கணக்கைப் பார்ப்பதுபோல் அந்த அட்டையையும் பார்க்கட்டும். தேதி இல்லையா? பில்லும் இல்லை!

அப்புறம் பாருங்கள், சேற்றிலும் லாரி வரும்.

அடுத்த மழைக்குள் சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?