முகப்பருவும் நம் வாயும்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்தில் என் தங்கையின் பேத்தி, பத்தாம் வகுப்பு. சாம்பார் வருவதற்குள் மூன்று பெரியவர்கள் பேசிவிட்டார்கள். "என்னம்மா மூஞ்சியெல்லாம் இப்படி?" என்றார் ஒருவர். "உடம்புச் சூடு, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்றார் இன்னொருவர். "ராத்திரியெல்லாம் போன் பார்த்தா வராம என்ன செய்யும்?" என்றார் மூன்றாமவர். அந்த மூன்றாமவர் நான்தான். பாயசத்துக்கு முன்பே எழுந்து போனவள் குரூப் போட்டோவுக்கும் வரவில்லை.

1969-இல் எஸ்.எஸ்.எல்.சி. படித்தபோது என் முகமும் அப்படித்தான். 'பலாக்காய்' என்று பட்டப்பெயர். வகுப்புப் போட்டோ எடுத்த அன்று வயிற்றுவலி என்று பொய் சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். அந்த வலி தெரிந்த நானே இப்படிப் பேசினேன் என்றால் மற்றவர்களை என்ன சொல்வது?

பரு வருவது பிள்ளைகளின் குற்றமில்லை. பருவ வயதில் ஆண், பெண் இருவருக்குமே ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடுகிறது. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் சுரக்கின்றன. அந்த எண்ணெயும் இறந்த செல்களும் மயிர்க்கால் துளையை அடைக்க, அங்கே வழக்கமாக வாழும் பாக்டீரியா பெருகி, வீங்கிச் சிவக்கிறது. பெற்றோருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். அழுக்கு காரணமில்லை, ஓயாமல் சோப்புப் போட்டால் எரிச்சல்தான் மிச்சம். தலையில் வழிய வழிய வைக்கும் எண்ணெயே சிலருக்கு நெற்றியில் பருவைக் கூட்டும்.

இதைவிட மோசம், மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிரீம் வாங்கித் தருவது. பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த கிரீமை முகத்தில் தடவினால் முதலில் பளபளப்பாகத் தெரியும். நாளாக ஆகத் தோல் மெலியும், பருவும் கூடும்.

"அக்கறையில்தானே சொல்கிறோம்" என்பீர்கள். அக்கறை இருந்தால் தோல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் என்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. பலன் தெரிய 6 முதல் 8 வாரமாவது ஆகும், அதுவரை பொறுத்திருங்கள். கடுமையான பருவைக் கவனிக்காமல் விட்டால் தழும்பு நின்றுவிடும். மற்றபடி, பரு இருப்பது பிள்ளைக்குத் தெரியும். கண்ணாடி அவர்கள் வீட்டிலும் இருக்கிறது.

மறுநாள் போன் செய்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல தாத்தா" என்றாள்.

அந்தக் காலத்தில் நானும் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன்.