ஜேசிபி வாடகைக்கு எடுக்குறீங்களா? வழிகாட்ட ஓர் ஆளையும் நிறுத்துங்க!

தெருவில் ஜேசிபி வந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுவது நம் ஊருக்குப் புதிதல்ல. 2019-ல் ‘ஜேசிபி கி குதாய்’ மீம்ஸ் இணையத்தைக் கலக்கியதும் இந்த வேடிக்கையை வைத்துத்தான். ஆனால், அந்த மஞ்சள் வண்டியின் பக்கத்தில் நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதை நாம் பெரிதாகப் பேசுவதில்லை.

விபத்து நடந்துவிட்டால், “ஆபரேட்டர் என்ன பண்ணிட்டு இருந்தார்?” என்றுதான் முதலில் கேட்போம். நியாயமான கேள்விதான். கூடவே, வண்டியை வாடகைக்கு எடுத்தவர் என்ன ஏற்பாடு செய்திருந்தார் என்பதையும் கேட்க வேண்டும்.

ஆபரேட்டருக்கு எல்லாமே தெரியுமா?

தெரியாது. ஜேசிபி என்பது பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றின் பெயர். நாம் அப்படி அழைக்கும் இயந்திரம் பேக்ஹோ லோடர். முன்னால் மண் அள்ளும் பக்கெட், பின்னால் பள்ளம் தோண்டும் கை என இரண்டும் இருக்கும். எடை ஏழு டன்னுக்கு மேல்.

மண்ணோடு பக்கெட்டைத் தூக்கினால் முன்பக்கப் பார்வை மறையும். பள்ளம் தோண்டும்போது ஆபரேட்டர் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்து உட்காருவார். முன்னால் யார் வருகிறார் என்பது அப்போது தெரியாது. ரிவர்ஸ் எடுக்கும்போது சக்கரத்தின் அருகே குனிந்திருப்பவர் கண்ணாடியில் சிக்காமல் போகலாம். ரிவர்ஸ் ஹாரன் இருக்கிறதே என்றால், நாள் முழுக்க அது கத்தினால் காதுக்குப் பழகிவிடும்.

பின்பக்கக் கை அரைவட்டமாகச் சுழலும். அதற்கும் சுவருக்கும் நடுவில் நிற்பவருக்கு ஒதுங்க இடமே இருக்காது.

கவிழ்ந்தால் குதிக்கலாமா?

கூடவே கூடாது. ஒரு கன மீட்டர் ஈர மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். அதை உயரத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளத்தில் வளைந்தால் வண்டி சாய வாய்ப்பு அதிகம். அதனால்தான் பக்கெட்டைத் தரையை ஒட்டித் தாழ்வாக வைத்து ஓட்டச் சொல்கிறார்கள்.

சாயும் வண்டியிலிருந்து குதிப்பவர் அதே வண்டிக்கு அடியில் சிக்கும் ஆபத்து அதிகம். உருண்டாலும் நசுங்காதபடி கட்டப்பட்ட கேபினுக்குள் அவரைப் பிடித்து வைப்பது சீட் பெல்ட்தான். “மெதுவாத்தானே போகுது, பெல்ட் எதுக்கு?” என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

அவசரம் யாருடையது?

வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது. மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுப்பவருக்கு, வண்டி ஐந்து நிமிடம் நின்றாலும் பொறுக்காது. “அண்ணே, சட்டுனு முடிங்க” என்ற குரல் வந்ததும் ஆட்களை விலக்குவது, மேலே போகும் மின்கம்பியைக் கவனிப்பது, மண்ணுக்கு அடியில் கேபிள், குழாய் இருக்கிறதா என்று விசாரிப்பது எல்லாம் அடிபட்டுப் போகிறது.

கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996-ம் ஆண்டுச் சட்டம் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. தெருவில் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும் இடத்தில் நாலு பேர்தான் இருப்பார்கள். அங்கே பாதுகாப்பு அதிகாரி வரப்போவதில்லை. காசு கொடுப்பவர்தான் அந்தப் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

* வழிகாட்ட ஒரே ஓர் ஆள். ஆபரேட்டரின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் மறைந்தால் வண்டி நிற்க வேண்டும். இதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.
* கை சுழலும் தூரத்துக்கு வெளியே கயிறு கட்டுங்கள். குழந்தைகளை உள்ளே விடாதீர்கள்.
* பக்கெட்டில் ஆளை ஏற்றக் கூடாது. தலைவருக்குப் பூத் தூவுவதற்கும் சரி, மாமரக் கிளையை வெட்டுவதற்கும் சரி, அது ஏணி கிடையாது. தூக்கிய பக்கெட்டுக்கு அடியிலும் யாரும் போகக் கூடாது.
* டீ குடிக்க இறங்கினாலும் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும்.

வழிகாட்ட நிற்கும் ஆளுக்கு ஒருநாள் கூலி ஆகும். சில மணி நேர ஜேசிபி வாடகையோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையில்லை. வாடகை பேசும்போதே, “ரிவர்ஸ் பார்க்க ஆள் இருக்கா?” என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். இல்லை என்றால், வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒருவரை நிறுத்திவிடுங்கள்.