எரித்தாலும் தீராத படங்கள்

ஒரு துண்டு லினோலியம், கூரான கத்தி, கொஞ்சம் கறுப்பு மை. லினோகட் கலைக்கு இவ்வளவுதான் முதலீடு. செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாகும். விட்டுவைத்த இடம் மையை வாங்கிக்கொள்ளும். அச்சு இயந்திரம்கூடக் கட்டாயமில்லை. தாளை மேலே வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தாலே படம் பதிந்துவிடும்.

இந்த எளிமையை ஆயுதமாக்கியவர்கள் மெக்ஸிகோ கலைஞர்கள். எலும்புக்கூடுகளுக்குத் தொப்பியும் கவுனும் மாட்டி மேட்டுக்குடியினரைக் கேலி செய்தவர் ஹோசே குவாதலூப்பே போசாதா (1852-1913). மலிவு விலைத் தாள்களில் அச்சான அந்தக் கிண்டலைத் தங்கள் முன்னோடியாகக் கொண்டு, லியோபோல்டோ மெண்டெஸும் நண்பர்களும் 1937ல் மக்கள் வரைகலைப் பட்டறையைத் தொடங்கினர். மரபு அதோடு முடியவில்லை. 2006ல் ஓஹாகா நகரில் ஆசிரியர் போராட்டம் வெடித்தபோது, 'அசாரோ' என்ற இளைஞர் குழு செதுக்கி அச்சிட்ட படங்களைத் தெருச் சுவர்களில் ஒட்டியது.

இந்தியாவில் இதற்கு இணையான பெயர் சித்தப்ரசாத் பட்டாச்சார்யா (1915-1978). 2018 டிசம்பரில் போர்ட் கொச்சியில் தொடங்கிய பினாலேக்கு அனிதா துபே தேர்ந்தெடுத்த கலைஞர்களில் மறைந்த இந்த வங்காளியும் ஒருவர்.

பொருத்தமான ஊர்தான். 1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அரிசிக் கப்பல்கள் நின்றன. பர்மா அரிசியை நம்பியிருந்த கொச்சியும் திருவிதாங்கூரும் தட்டுப்பாட்டில் தவித்தன. மறு ஆண்டு வங்காளமோ பிணக்காடானது. மிதுனாபூர் மாவட்டத்தில் அலைந்து, கண்டதை மையால் வரைந்தார் சித்தப்ரசாத். 'பசித்த வங்காளம்' நூலாக அது வந்தபோது, 5,000 பிரதிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து அழித்தது.

பின்னாளில் பம்பாயின் அந்தேரியில், வறுமைக்கு நடுவே, அவர் கை லினோலியத்தில் இறங்கியது. சீன மரச்செதுக்குப் படங்களின் அழுத்தமான கறுப்பு வெள்ளையும் வங்காளக் கிராமக் கலையின் வளைகோடும் அதில் கலந்தன. விளையாட வேண்டிய வயதில் உழைக்கும் குழந்தைகளை அவர் செதுக்கினார். நூலை எரித்தால் பிரதி போயிற்று. செதுக்கிய பலகை இருக்கும்வரை படம் மறுபடி பிறக்கும்.

இன்று அவை ஏலத்தில் விலைபோகின்றன. கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரமாக இருக்கின்றன. கௌரவம்தான். ஆனால் லினோகட் கண்ணாடிக்காகப் பிறந்ததல்ல, சுவருக்காகவும் கைக்காகவும் பிறந்தது. மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் மூட்டை சுமப்பவரின் வீட்டுச் சுவரில் ஒரு பிரதி தொங்கும் நாளில்தான் சித்தப்ரசாத் உண்மையாகவே கொச்சிக்கு வந்து சேர்வார்.